பிஸ்கட் டின் ஆம்ப்ளிஃபயர்

டின்னுக்குள்ளிருந்து முதலில் வந்தது கிட்டார் சத்தம் இல்லை. ஓர் ஆணின் குரல்.

மன்னார் வளைகுடாவில் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அந்தக் குரல் மிகுந்த நிதானத்துடன் அறிவித்தது.

காயல்பட்டினத்தில் என் தோழி மும்தாஜ் வீட்டு முன்னறை அது. காலை பதினொரு மணி இருக்கும். மேசைமேல், ரொட்டிக் கடையில் கேட்டு வாங்கிவந்த பழைய சதுர பிஸ்கட் டின். அதன் முகத்தில் வட்டமாக வெட்டி ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தியிருந்தேன். பின்னாலிருந்து ஒரு வயர் என் மடியிலிருந்த கிட்டாருக்குப் போயிருந்தது. நான் இன்னும் கம்பியைத் தொடக்கூட இல்லை.

ஆண் குரல் கேட்டதும் மும்தாஜின் கை தானாகவே முக்காட்டை இழுத்துவிட்டது. இழுத்த பிறகுதான் பேசியது டின் என்று அவளுக்கு உறைத்தது. கையை எடுக்காமல் அப்படியே என்னைப் பார்த்தாள்.

"ஏளா, நீ கிட்டாருக்குச் செஞ்சியா, வானிலை மையத்துக்குச் செஞ்சியா?"

எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். மூன்று வாரமாக விரலைச் சுட்டுக்கொண்டு செய்தது. ஆனால் அவள் முக்காட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். டின்னுக்குள் அந்த மனிதர் மட்டும் சிரிக்காமல், அலைகள் எத்தனை அடி உயரம் எழும்பும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டூலுக்கு வந்த ஆபத்து

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் துறைமுகக் கதைகளும் கிளியரிங் ஆபீஸ் சண்டைகளும் எழுதியாயிற்று. கிட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கப்பலிலிருந்து என் கணவரே கேட்டுவிட்டார். எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

வாரத்தில் ஆறு நாள் நான் ஏற்றுமதிப் பத்திரம் நிரப்புகிறவள். ஏழாம் நாள் தூத்துக்குடியில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவள். பீடத்துக்கு இடது பக்கம், தூணை ஒட்டி ஒரு ஸ்டூல். பதினான்கு வருஷமாக அது என் இடம்.

முறையாக யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. கல்லூரி நாளில் பாடகர் குழுவில் வாசித்தவர்களின் விரலைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்து பிடித்துப் பார்த்துக் கற்றது. கல்யாணம் ஆன புதிதில் என் கணவர் ராயன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கிட்டார் வாங்கிவந்தார். அவர் கப்பலில் ஃபிட்டர். வயர் சொருக அடியில் ஓட்டை உள்ள கிட்டார் அது. அந்த ஓட்டைக்கு அத்தனை வருஷமாக வேலையே இருக்கவில்லை. எங்கள் கோயில் மிக்ஸரில் சாமியார் மைக், வாசகம் வாசிக்கிற மைக், பாடகர் மைக், கீபோர்டு என்று எல்லா இடமும் நிரம்பியிருந்தது. கிட்டாருக்கு இடம் இல்லை.

கீபோர்டு வாசிப்பவர் செல்வின் அண்ணன். ஆறுமுகநேரி பக்கம் ஓர் உப்புக் கம்பெனியில் எடைமேடை பார்க்கிறவர். சாதுவான மனிதர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று குழுவில் கேலி பேசுவோம். ஆனால் அவர் கீபோர்டு அவரைப்போல இல்லை. சத்தம் என்றால் சத்தம், அப்படி ஒரு சத்தம். அது தொடங்கிவிட்டால் நான் கம்பியைத் தட்டுவது எனக்கே கேட்காது.

குழுவை நடத்துகிறவர் ரெஜினா மயினி. ராயனுக்கு அக்கா. ஒரு சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சாதாரணமாகத்தான் சொன்னார். புதிதாக நாலு பிள்ளைகள் பாட வருகிறார்கள், நிற்க இடம் போதவில்லை, கிட்டார் எப்படியும் கேட்பதில்லை, அடுத்த மாதத்திலிருந்து ஜெசிந்தாவும் நின்று பாடட்டும், ஸ்டூலை எடுத்துவிடலாம் என்று.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கேக்க வச்சா இருக்கலாமா மயினி?" என்று கேட்டேன்.

கேட்டால் இருக்கலாம், யார் வேண்டாம் என்றது என்றார். கடையில் ஒரு பெட்டி வாங்கிவிடேன் என்று யாரோ சொன்னார்கள். எங்கிருந்து அந்த வீறாப்பு வந்ததோ, வாங்க வேண்டாம், நானே செய்வேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன் என் வாழ்நாளில் நான் செய்த அதிகபட்ச மின்சார வேலை, குண்டு பல்பு மாட்டியது.

முத்துக் குளித்த கதை

பாகங்களும் பச்சைப் பலகையும் ஒரு தாளும் அடங்கிய பொட்டலம் ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். தாளில் படம் தெளிவாகத்தான் இருந்தது. இந்த ஓட்டையில் இது, அந்த ஓட்டையில் அது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரிதானே என்று குசினி மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாலிடரிங் இரும்பு என்பது பேனா மாதிரி பிடிக்க வேண்டியது. நான் கரண்டி மாதிரி பிடித்தேன். ஈயம் உருகும் வாசனை குசினி முழுக்கப் பரவி, அன்றைய மீன் குழம்பில்கூட அதே வாசம் அடித்தது. ஒரு வாரம் கழித்து எல்லாப் பாகமும் பலகையில் ஏறிவிட்டன. அடாப்டரைச் சொருகினேன்.

ஒன்றும் இல்லை. ஒரு கரகரப்புகூட இல்லை. ஆனால் ஐந்து கால் உள்ள ஐசி ஒன்று இருந்ததே, அதைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. பக்கத்தில் உருளையாக நின்ற ஒரு பாகம் வயிறு உப்பிக்கொண்டு வந்தது. பதறிப்போய் அடாப்டரைப் பிடுங்கினேன்.

அப்போதுதான் மும்தாஜ் ஞாபகம் வந்தது.

மும்தாஜும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். காமர்ஸ் படித்தோம். கல்யாணம் ஆகிக் காயல்பட்டினத்திலேயே இருந்துவிட்டாள். அவள் மாப்பிள்ளை துபாயில். அங்கிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு போன் கொண்டுவருவார்கள். அது கீழே விழுந்தால், பெண்கள் தங்கள் போட்டோவும் செய்தியும் உள்ள போனை முன்பின் தெரியாத கடையில் கொடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மும்தாஜ் கவனித்தாள். தூத்துக்குடிக்கு மூன்று மாதம் பஸ்ஸில் வந்துபோய் போன் ரிப்பேர் படித்தாள். இப்போது வீட்டு முன்னறைதான் கடை. போர்டு கிடையாது. ஆனால் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

என் பலகையை வாங்கித் திருப்பி, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முத்துக் குளிக்கவா போன?" என்றாள். "எல்லா இடத்துலயும் உருட்டி உருட்டி வச்சிருக்க. இது ஒட்டவே இல்லளா, சும்மா மேல உக்காந்திருக்கு."

ஈயம் முத்து மாதிரி உருண்டு நின்றால் உள்ளே பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். பலகையையும் காலையும் சேர்த்துச் சூடாக்கிவிட்டு, பிறகுதான் ஈயத்தைத் தொட வேண்டுமாம். நான் ஈயத்தை உருக்கி மேலே சொட்டுவிட்டிருந்தேன். வயிறு உப்பிய உருளையில் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு இருந்தது. கோடுள்ள பக்கம் மைனஸ். தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. நான் அதை அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்துவிட்டேன்.

அவள் ஒன்றையும் தன் கையால் செய்து தரவில்லை. கடைக்கு வந்த போன்களைப் பார்த்துக்கொண்டே, நான் செய்வதை ஓரக்கண்ணால் கவனித்தாள். உருளையை மாற்றினேன். எல்லா முத்தையும் உருக்கி மறுபடி வைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே பஸ் ஏறினேன். மூன்றாவது ஞாயிறுதான் அந்த வானிலை அறிக்கை வந்தது.

மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்

எங்கிருந்தோ காற்றில் வந்துகொண்டிருந்த வானொலியை என் டின் பிடித்துக்கொண்டது. மும்தாஜுக்கும் இது புதிது. போனுக்கு இந்த வியாதி வராதாம்.

அவளுக்கு ஒரு முறை உண்டு. எதையும் மொத்தமாகப் பார்க்கமாட்டாள். பாதியாக வெட்டி, தப்பு இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று முதலில் தீர்ப்பாள். பிறகு அந்தப் பாதியையும் வெட்டுவாள்.

கிட்டார் வயரைப் பிடுங்கச் சொன்னாள். பிடுங்கினேன். வானிலை அப்படியே வந்தது. அப்படியானால் கிட்டாரும் வயரும் குற்றவாளி இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை அடிமட்டத்துக்குக் குறைக்கச் சொன்னாள். வானிலை நின்றது. அப்படியானால் வயர் சொருகும் இடத்துக்கும் திருகுக்கும் நடுவில்தான் அந்த மனிதர் உள்ளே நுழைகிறார்.

அந்த இடைவெளியில் ஒரு முழம் சாதாரண வயரை நான் சுருட்டி வைத்திருந்தேன். மிச்சமாகிவிட்டதே என்று வெட்டாமல் விட்டது. அதுதான் ஆன்டெனா. அதை வெட்டிக் குட்டையாக்கி, மேலே வலை போர்த்திய வயராக மாற்றினோம். குரல் பாதியாகக் குறைந்தது. டின்னையே கிரவுண்டோடு, அதாவது மைனஸ் வயரோடு, சேர்த்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் கூரைக்குக் கீழே இருப்பது மாதிரி ஆகிவிடும் என்று இருவருமாக யோசித்து, டின் ஓரத்தைச் சுரண்டி ஒரு வயரை ஒட்டினோம்.

அமைதி.

அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. பயந்துகொண்டே கீழ்க் கம்பியை ஒரு தட்டு தட்டினேன். டின்னிலிருந்து என் கிட்டார் எழுந்து வந்தது. அந்த அறை முழுக்க, என் நெஞ்சு வரைக்கும். சாலிடரிங் இரும்பைத் தாங்கியில் வைத்துவிட்டு மும்தாஜ் என் விரலையே பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் மாமியார் என்ன சத்தம் என்று கேட்டார். ஜெசிந்தா வந்திருக்கா என்று பதில் சொன்னாள். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

தடித்த கம்பியைத் தட்டும்போது மட்டும் டின் மூடி கடகடவென்று ஆடியது. சைக்கிள் டியூபை வெட்டி மூடிக்கு அடியில் கொடுத்தோம். அதுவும் நின்றது.

கீபோர்டு மூடப்பட்டது

அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு டின்னைத் துணிப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். குழுவே சுற்றி நின்று பார்த்தது. பிஸ்கட் படம் இன்னும் அழியாமல் இருந்ததால் கேலிக்குக் குறைவில்லை. முதல் பாட்டு தொடங்கியதும் கேலி நின்றுவிட்டது. கிட்டார் கேட்டது. செல்வின் அண்ணன்கூடக் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். ரெஜினா மயினி தாளம் போடும் கையை நிறுத்தாமலே தலையை ஆட்டினார்.

இரண்டாவது பாட்டும் நன்றாகப் போனது. மூன்றாவது காணிக்கைப் பாட்டு.

அதில் மூன்றாவது வரி வந்தபோது என்னவோ ஒன்று கசந்தது. பாலில் எலுமிச்சை பட்ட மாதிரி. எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கினோம். அதே வரி, அதே கசப்பு. மூன்றாம் முறையும்.

எல்லார் கண்ணும் என் டின்மேல் இருந்தது. முகமெல்லாம் எனக்குச் சூடாகிவிட்டது. மூன்று வாரம், இரண்டு கொப்புளம், வானிலை அறிக்கை எல்லாம் கண்முன் வந்துபோயின. இந்த டின் சரியாக வேலை செய்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்போது என் வாயிலிருந்து வந்தது இது:

"செல்வின் அண்ணே, உங்க கீபோர்டுலதான் என்னமோ சுருதி மாறியிருக்கு. பாருங்க."

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். புதிதாக வந்த பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள்.

அவர் கீபோர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருக்கும்" என்றார். ஒத்திகை முடியும்வரை மெதுவாக வாசித்தார். முடிந்ததும் கீபோர்டைத் துணி போட்டு மூடிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் கிளம்பிவிட்டார்.

மறுநாள் பூசைக்கு அவர் வரவில்லை. உப்பு லோடு நிறைய ஏறுகிறது, கொஞ்ச நாளைக்கு வர முடியாது என்று ரெஜினா மயினிக்குப் போன் செய்தாராம். மயினி அதை என்னிடம் சொன்னார். கீபோர்டு இல்லாத அந்தப் பூசையில் காணிக்கைப் பாட்டின் மூன்றாவது வரி இன்னும் மோசமாகக் கசந்தது.

ஒவ்வொரு விரலாக

கீபோர்டே இல்லாதபோதும் கசக்கிறது என்றால் தப்பு டின்னில்தான். அன்றைக்கே பஸ் ஏறினேன். வழி நெடுக உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அந்த எடைமேடைகளில் ஏதோ ஒன்றில் ஞாயிறும் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதரை நினைத்துக்கொண்டே போனேன். செய்யாத தப்புக்கு அவரைச் சொல்லிவிட்டேன்.

மும்தாஜ் டின்னைத் திறந்தாள். சந்தேகப்பட்ட இரண்டு பாகங்களை மாற்றினோம். கசப்பு போகவில்லை. ஐசியை மாற்றினோம். போகவில்லை. ராயன் கப்பலிலிருந்து கூப்பிட்டு, எந்தப் பார்ட் என்று மட்டும் சொல், அடுத்த துறைமுகத்தில் நல்லதாக வாங்கி வருகிறேன் என்றார். எது என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு.

அதற்கடுத்த ஞாயிறு மும்தாஜ் தன் முறைக்குத் திரும்பினாள். கிட்டாரைக் கழற்றிவிட்டு, தன் போனை டின்னோடு சேர்த்து ஏதோ ஒரு பாட்டைப் போட்டாள். தெளிவாகப் பாடியது. முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டாள்.

டின்னை மூடி ஒதுக்கி வைத்துவிட்டாள். எனக்குப் புரியவில்லை. பிறகு கிட்டாரை வெறுமனே, டின் இல்லாமல் வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்து, கூடவே பாடினேன். அவள் அதைப் போனில் பதிவுசெய்து, எனக்கே திருப்பிப் போட்டுக் காட்டினாள்.

என் பாட்டை வெளியிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. மூன்றாவது வரி வந்தது. டின் இல்லை. கீபோர்டு இல்லை. கசப்பு மட்டும் இருந்தது.

"எனக்குப் பாட்டு தெரியாது" என்றாள் மும்தாஜ். "ஆனா மத்த பாட்டுல வரலை, இதுல மட்டும் வருது. மத்த வரியில வரலை, இந்த வரியில மட்டும் வருது. அந்த இடத்துல நீ என்னமோ பிடிக்கியே, அதை மட்டும் பிடி."

பிடித்தேன். மூன்று விரல், மூன்று கம்பி. ஈ மேஜர் என்கிற கார்டு. தட்டினேன்.

"அந்த வரியப் பாடு."

பாடினேன். குரல் ஒரு பக்கம் போனது, கம்பி ஒரு பக்கம் போனது. பதினான்கு வருஷமாக இது எப்படி எனக்குக் கேட்காமல் போனது?

"இப்ப ஒவ்வொரு விரலா எடு" என்றாள். ரிப்பேருக்கு வந்த போனில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பாளே, அதே குரலில்தான் சொன்னாள்.

மோதிர விரலை எடுத்துத் தட்டினேன். மோசம். அதை வைத்துவிட்டு நடுவிரலை எடுத்தேன். படுமோசம். அதையும் வைத்துவிட்டு ஆள்காட்டி விரலை எடுத்தேன்.

பாட்டும் கம்பியும் கைகோத்துக்கொண்டன.

ஈ மைனர். அந்த இடத்தில் வர வேண்டியது மைனர். வீட்டுக்கு வந்ததும் என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாட்டை வேறொருத்தி நோட்டிலிருந்து பூசை நடக்கும்போதே அவசர அவசரமாகப் பார்த்து எழுதியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்றப் பாட்டுகளில் எல்லாம் மைனர் வரும் இடத்தில் சின்னதாக ஒரு எம் போட்டிருக்கிறேன். இதில் மட்டும் விட்டிருக்கிறேன். என் கையெழுத்துதான். வேறு யாரையும் சொல்ல வழியில்லை.

மில்லர்புரம்

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் செல்வின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மில்லர்புரத்தில் இரண்டு முறை தெரு மாறி, கடைசியில் வாசலில் அவரையே பார்த்தேன். ஸ்கூட்டரைச் சாய்த்துப்போட்டு அடியில் படிந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஹோஸை மூடிவிட்டு எழுந்தார். உள்ளே கூப்பிட்டார். அவர் மனைவி டீ போடப் போனார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. கீபோர்டில் தப்பில்லை, தப்பு என் கையில், ஒரு விரல் கூடுதலாக வைத்துக்கொண்டிருந்தேன், எல்லார் முன்னாலும் உங்களைச் சொன்னேன், மன்னிச்சிருங்க என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நீ வந்த வருஷத்துலேருந்து."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பதற்குள் அவரே சொன்னார். நான் அவரிடம் கேட்டவற்றிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"ஆசையா வாசிக்கிற பிள்ள, சொன்னா சங்கடப்படுமோன்னு விட்டுட்டேன். அந்த வரி வரும்போது மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சிருவேன். உன்னுது வெளிய கேக்காது. பிறவு குறைக்க மறந்துரும்."

பதினான்கு வருஷமாக அந்த மனிதர் என் தப்பைத் தன் சத்தத்தால் மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே நான் டின் செய்திருக்கிறேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. டீ கொண்டுவந்த அவர் மனைவி இரண்டையும் பார்த்துவிட்டு, எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னதுதான் மனதுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி ஆகிவிட்டது என்றார். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் மரியாதை கூடியது. அப்படியானால் எல்லார் முன்னாலும்தான் இதையும் சொல்வேன், நீங்கள் சனிக்கிழமை வர வேண்டும் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றார். நீங்கள் வராவிட்டாலும் சொல்வேன் என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, லோடு குறைந்துவிடும் என்று நினைக்கிறேன் என்றார்.

சனியும் ஞாயிறும்

சனிக்கிழமை வந்தார். ஒத்திகை தொடங்குமுன் நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். புதிதாக வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஸ்டூல் போனால் போகட்டும் என்றுகூட நினைத்துத்தான் வந்திருந்தேன்.

ரெஜினா மயினி கடைசிவரை கேட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் நடத்துனது பாட்டா, ஒளிஞ்சு விளையாட்டா?" என்றார்.

பிறகு ஸ்டூலைத் தூணை விட்டுக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். இனி தப்பாக வாசித்தால் எல்லாருக்கும் தெரியும், அதனால் வீட்டில் பழகிவிட்டு வர வேண்டும் என்றார். டின்னை மட்டும் தன் காதுப் பக்கம் திருப்பி வைக்கக் கூடாதாம்.

பழகியதை மறக்கடிப்பது லேசான காரியம் இல்லை. அந்த வரி வந்தாலே ஆள்காட்டி விரல் தானாகப் போய் உட்காரும். செல்வின் அண்ணன் அந்த ஒரு வரியை இருபது தடவை முகம் சுளிக்காமல் வாசித்தார். இருபத்தொன்றாம் தடவை விரல் மேலேயே நின்றது.

ஞாயிறு பூசையில் காணிக்கைப் பாட்டு வந்தது. மூன்றாவது வரியில் விரலை எடுத்தேன். கோயிலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி பாட்டு அதுபாட்டுக்குப் போனது. செல்வின் அண்ணன் மட்டும், இரண்டு கையும் கட்டைகள்மேல் இருக்க, என் பக்கம் லேசாகத் தலையை அசைத்தார். சந்தோஷத்தில் நான் நாலாவது வரியைத் தவறவிட்டேன். அது எல்லாருக்கும் கேட்டது.

மத்தியானம் ராயன் கூப்பிட்டார். பின்னால் இன்ஜின் இரைச்சல். கப்பல் மறுநாள் ஒரு பெரிய துறைமுகத்தில் நிற்கப் போகிறதாம். டின் சரியாயிற்றா, என்ன பார்ட் வாங்க வேண்டும் என்று கேட்டார். நானும் குழம்பைக் கிண்டிக்கொண்டே, நடந்தது அத்தனையையும் ஒரே வரியில் சொல்லிவிட்டேன்.

"ஒரு பார்ட்டும் வேண்டாங்க. எனக்கு ஒரு விரல் கூடுதலா இருந்துச்சு. எடுத்துட்டேன், சரியாயிட்டு."

அந்தப் பக்கம் ஏதோ கதவு மூடுகிற சத்தம் கேட்டது, இன்ஜின் இரைச்சல் குறைந்தது. இருபது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவர் அவர். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கையில, ஜெசி?"